பையோடு கிடந்த கைத்துப்பாக்கி: டீட்டன் காட்டுக் கரடித் தாக்குதல், 2018

சுருக்கமாக

2018 செப்டம்பரில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் எல்க் மான் வேட்டைக்குப் போன இரண்டு பேரை ஒரு கிரிஸ்லி கரடி தாக்கியது. ஒருவர் வேட்டை வழிகாட்டி, மற்றவர் பணம் கட்டி வந்த வாடிக்கையாளர். வழிகாட்டி இறந்துபோனார், வாடிக்கையாளர் காயங்களோடு தப்பினார். அவர்களிடம் 10 மி.மீ. விட்டமுள்ள தோட்டா போடும் க்ளாக் நிறுவனக் கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. கரடி ஸ்ப்ரேயும், அதாவது கரடியின் முகத்தில் மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் கேனும், இருந்தது.

இந்தச் சம்பவத்தை எடுத்துக்கொண்டு "பார்த்தாயா, ஸ்ப்ரேயை நம்பினால் இதுதான் கதி" என்று ஒரு கூட்டமும், "பார்த்தாயா, துப்பாக்கி இருந்து என்ன பிரயோஜனம்" என்று இன்னொரு கூட்டமும் இன்றுவரை சண்டை போடுகின்றன. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. அன்றைக்குத் துப்பாக்கி யார் உடம்பில் இருந்தது, தாக்குதல் வந்த நேரத்தில் அது யார் கைக்குப் போனது என்பதைப் பார்த்தாலே கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி தெரிந்துவிடும். செய்திகளில் பெயர்கள் எல்லாம் வந்தவைதான், ஆனால் இங்கே பெயர் தேவையில்லை.

இடமும் சட்டமும்

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் தெற்கு எல்லையை ஒட்டிக் கிடப்பது டீட்டன் வனாந்தரப் பகுதி, பிரிட்ஜர்-டீட்டன் தேசிய வனத்தைச் சேர்ந்தது. உள்ளே மோட்டார் வண்டி கூடாது, சைக்கிள் கூடக் கூடாது. நடக்கலாம், இல்லையென்றால் குதிரை. சம்பவம் நடந்தது அங்கே டெரஸ் மலை என்கிற இடத்தில்.

வயோமிங்கில் ஒரு விதி இருக்கிறது. வெளிமாநிலத்துக்காரர் இப்படிப்பட்ட வனாந்தரப் பகுதியில் எல்க் போன்ற பெரிய விலங்கை வேட்டையாட வேண்டுமென்றால் கூடவே வழிகாட்டி இருந்தாக வேண்டும். தொழில்முறை வழிகாட்டியாகவோ, அதற்கென்று தனி அனுமதி வாங்கிய உள்ளூர்க்காரராகவோ இருக்கலாம். அதனால் அங்கே போகிற வெளியூர் வேட்டைக்காரர், காட்டைத் தெரிந்த ஒருவரை நம்பித்தான் போகிறார். அவர் குதிரை, அவர் பாதை, பல நேரங்களில் அவருடைய துப்பாக்கி. இந்தக் கடைசி விஷயம்தான் பின்னால் பெரிதாகிறது.

(நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிய நமக்கு இது விநோதமாக இருக்கும். அங்கே அது உரிமம், பருவம், எண்ணிக்கை எல்லாம் மாநில அரசு வகுத்து நடத்துகிற காரியம். சுட்ட விலங்கின் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலேயே வீணாக விட்டுவிட்டு வந்தால்தான் குற்றம்.)

செப்டம்பர் என்பது வில்வேட்டைக் காலம், எல்க் கிடாக்கள் இணை தேடிக் கத்துகிற காலமும் அதுவே. கரடிகள் குளிர்கால உறக்கத்துக்கு முன்னால் கொழுப்புச் சேர்க்க வெறியோடு தின்கிற காலமும் இதுதான், ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை உள்ளே தள்ளும் என்பார்கள். கரடி நாட்டில் நடப்பவர்களுக்குச் சொல்கிற பாதுகாப்பு விதிகளை எடுத்துப் பாருங்கள்: சத்தம் போட்டுக்கொண்டு நட, கூட்டமாகப் போ, விடியலிலும் அந்தியிலும் திரியாதே, செத்த விலங்கின் பக்கம் போகாதே. வில்வேட்டைக்காரர் செய்வது அத்தனைக்கும் நேர் எதிர். சத்தமில்லாமல், காற்றுக்கு எதிர்த்திசையில், இருட்டு பிரியும் முன்னே, உடம்பு வாசனை தெரியாமல் போகிறார், கடைசியில் ஒரு செத்த விலங்கின் மேல் கைவைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் குனிந்து வேலை செய்கிறார்.

அந்த ஆண்டு யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் சுமார் 700 கிரிஸ்லிகள் இருப்பதாகக் கணக்கு. 1975-இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்த இந்தக் கரடிகளை 2017-இல் பட்டியலிலிருந்து எடுத்திருந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் இல்லாதிருந்த கரடி வேட்டையை மறுபடி தொடங்க வயோமிங் தயாராகியிருந்தது. ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இது நடந்தது.

கூடுதலாக ஒரு கைத்துப்பாக்கி எதற்கு

ரைஃபிள் வைத்திருப்பவரே இடுப்பில் ஒன்று சொருகிக்கொள்வார், மான் வெட்டும்போது ரைஃபிளை மரத்தில் சாய்த்து வைத்துவிடுவோமே என்று. வில்வேட்டைக்காரருக்கு அந்த ரைஃபிளும் கிடையாது. ஓடிவருகிற கரடிக்கு அம்பால் ஒன்றும் ஆகப்போவதில்லை, அம்பு பட்ட விலங்கு ரத்தம் வடிந்துதான் விழும், அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் சட்டம் அனுமதிக்கிற இடங்களில் வில்லோடு ஒரு கைத்துப்பாக்கி என்பது அங்கே சகஜம். சில மாநிலங்களில் வில்வேட்டைப் பருவத்தில் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கட்டுப்பாடு உண்டு, போகிறவர் முதலில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தத் தோட்டா என்பதில் பழைய ஆட்கள் .44 மேக்னம் ரிவால்வர் என்பார்கள். 10 மி.மீ. தோட்டா 1983-இல் வந்தது, க்ளாக் 20 மாதிரித் துப்பாக்கியில் மேகசினுக்கு (தோட்டாக்களை அடுக்கும் பெட்டிக்கு) பதினைந்து பிடிக்கும். வடகிழக்கு கிரீன்லாந்தில் நாய்வண்டியில் சுற்றும் டென்மார்க் ராணுவத்தின் சிரியஸ் ரோந்துப் படை பனிக்கரடிக்காக இடுப்பில் வைத்திருப்பதும் இந்த க்ளாக் 20தான். ஆக, அன்றைக்கு அந்த வழிகாட்டி எடுத்துப் போயிருந்தது விளையாட்டுத் துப்பாக்கி அல்ல. தகுதியான ஆயுதம்தான். தேர்வில் பிழை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சம்பவம் பற்றிய வாதங்களில் பாதி "இன்னும் பெரிய தோட்டாவாக இருந்திருந்தால்" என்றே ஓடுகிறது.

செப்டம்பர் 13: அம்பு பட்ட மான்

வியாழக்கிழமை பிற்பகலில் வாடிக்கையாளர் ஒரு எல்க் கிடாவை அம்பால் அடித்தார். மான் ஓடிவிட்டது. ரத்தச் சுவடு பிடித்துத் தேடினார்கள், கிடைக்கவில்லை, இருட்டியது. மறுநாள் வரலாம் என்று திரும்பிவிட்டார்கள்.

இந்த முடிவைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் சொல்லமாட்டேன். அம்பு பட்ட மானை உடனே துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும், கரடி இருக்கிற காட்டில் டார்ச் வெளிச்சத்தில் ரத்தச் சுவட்டின் மேல் நடப்பது அதைவிட மோசம். விட்டுவிட்டுப் போகவும் முடியாது, இறைச்சி வீணாகும். ஆனால் விலை ஒன்று இருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க அந்த மான் அங்கே கிடந்திருக்கிறது, அதன் வாசனை சரிவெல்லாம் பரவியிருக்கும். மறுநாள் காலை அந்த இடத்துக்குப் போகிறவர், அங்கே தனக்கு முன்னால் யாரோ வந்திருக்கலாம் என்ற நினைப்போடுதான் போக வேண்டும்.

செப்டம்பர் 14: வெட்டும் நேரம்

வெள்ளிக்கிழமை மறுபடி தேடி, மதியவாக்கில் மானைக் கண்டுபிடித்தார்கள். கரடி தொட்ட அடையாளம் இல்லை. மண்ணும் குச்சியும் போட்டு மூடியிருந்தால், வயிற்றைக் கிழித்திருந்தால், அது கரடியின் சொத்து, அங்கேயிருந்து பின்வாங்கிவிட வேண்டும் என்பது எந்த வழிகாட்டிக்கும் தெரியும். இங்கே அப்படி எதுவும் இல்லை. அதனால் வேலையைத் தொடங்கினார்கள்.

வளர்ந்த எல்க் கிடா 300 கிலோவைத் தாண்டும். அதைச் சரிவில் வைத்துத் தோலுரித்து, முன்கால் பின்கால் என்று தனித்தனியாகப் பிரித்து, முதுகுக்கறி எடுத்து, தலையை வெட்டி, எல்லாவற்றையும் குதிரைக்குக் கொண்டுபோக வேண்டும். முழங்கை வரை ரத்தம். மண்டி போட்டுத்தான் பாதி வேலை, மீதி வேலைக்கு அந்தக் கால்களை மேலே தூக்கித் தோளால் முட்டுக்கொடுக்க வேண்டும். இப்படி வேலை செய்யும்போது மார்பில் ஒரு கிலோ இரும்பு தொங்கினால் எப்படி இருக்கும்? குனிகிற ஒவ்வொரு முறையும் இடிக்கும், தோள்வார் வழுக்கும், ரத்தக்கையால் அதைத் தள்ளித் தள்ளி விடவேண்டும். கழற்றி வைத்துவிடலாம் என்று தோன்றுவது சோம்பேறித்தனம் இல்லை, எவருக்கும் தோன்றும்.

கைத்துப்பாக்கியைப் பைகளோடு சற்று மேலே வைத்துவிட்டார்கள். தூரம் அதிகமில்லை, சில கஜம்தான். வழிகாட்டியின் இடுப்பில் கரடி ஸ்ப்ரே மட்டும் இருந்தது.

தாக்குதல்

மேலிருந்து கல் உருளும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு கரடிகள், ஒன்று முழு வேகத்தில் கீழே வந்துகொண்டிருந்தது. உறுமல் இல்லை, எழுந்து நின்று பார்ப்பது இல்லை, பாதி தூரம் ஓடிவந்து நின்று மிரட்டுகிற பொய்ப்பாய்ச்சல் இல்லை. நேராக வந்து வழிகாட்டியின் மேல் விழுந்தது.

கிரிஸ்லி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், அதாவது வினாடிக்குப் பதினான்கு, பதினைந்து மீட்டர். ஐம்பது மீட்டர் தள்ளிப் பார்த்தால் மூன்றரை வினாடி கைவசம் இருக்கிறது. மார்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட நன்றாகப் பழகியவருக்கே ஒன்றரை, இரண்டு வினாடி ஆகும். பையில் இருந்து எடுப்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

வாடிக்கையாளர் பைகளை நோக்கி ஓடினார். துப்பாக்கியை எடுத்தார். கரடியும் வழிகாட்டியும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள், எங்கே சுட்டாலும் மனிதன் மேல் படலாம் என்கிற நிலை. அவர் சுடவில்லை. அதற்குள் கரடி அவர் பக்கம் திரும்பிக் காலைக் கவ்வி இழுத்தது. அந்த நிலையில் அவர் துப்பாக்கியை வழிகாட்டியிடம் எறிந்தார். அது போய்ச் சேரவில்லை. கரடி மறுபடி வழிகாட்டியிடம் போனது.

வாடிக்கையாளர் குதிரைகள் நின்ற இடத்துக்கு ஓடி, ஏறி, செல்போன் சிக்னல் கிடைக்கும் உயரத்துக்குப் போய் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தார். கால், மார்பு, கை எல்லாம் காயம். ஹெலிகாப்டர் வந்து அவரை எடுத்துப் போனது.

அடுத்து நடந்தவை

மறுநாள் சனிக்கிழமை, தேடுதல் குழு வழிகாட்டியின் உடலைக் கண்டெடுத்தது. மான் கிடந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி மேலே. ஸ்ப்ரே பீய்ச்சப்பட்டிருந்தது. மாநில மீன், வனவிலங்குத் துறை அந்த இடத்தில் பொறி வைத்தது, ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்பி வந்த தாய்க்கரடியையும் அதன் ஒன்றரை வயதுக் குட்டியையும் கொன்றார்கள். தாய்க்கரடியின் மேல் ஸ்ப்ரே பட்டிருந்தது தெரிந்தது. தாக்கியது தாய்தான் என்பது துறையின் முடிவு. கரடி இரையாகச் சொந்தம் கொண்டாடியிராத ஒரு மானுக்காக இப்படி எச்சரிக்கையே இல்லாமல் பாய்ந்தது வழக்கமான நடத்தை அல்ல என்றும் அதிகாரிகள் சொன்னார்கள்.

செப்டம்பர் 24-ஆம் தேதி மொன்டானாவில் மிசோலா நகரிலிருந்த கூட்டாட்சி நீதிமன்றம் யெல்லோஸ்டோன் கிரிஸ்லிகளுக்குப் பாதுகாப்பைத் திரும்பக் கொடுத்தது, அந்த வருஷத்துக் கரடி வேட்டை தொடங்காமலே நின்றது. பத்து நாள் இடைவெளியில் வந்த இரண்டு செய்திகளையும் முடிச்சுப்போட்டு அங்கே பெரிய கோபம் கிளம்பியது. அது தனிக் கதை, இங்கே அதற்குள் போகவில்லை.

எடுத்த முடிவுகள், ஏன்

முதல் முடிவு, துப்பாக்கியைக் கழற்றி வைத்தது. காரணம் மேலே சொன்னேன். அதில் ஒரு கணிப்பும் ஒளிந்திருக்கிறது: கரடி வந்தால் முன்கூட்டியே தெரியும், சத்தம் கேட்கும், ஓடிப்போய் எடுக்க நேரம் கிடைக்கும். பெரும்பாலும் அந்தக் கணிப்பு பலிக்கவும் செய்யும், கரடிகள் பெரும்பாலும் மிரட்டிவிட்டுப் போகும். பத்து இருபது வருஷம் இப்படியே கழற்றி வைத்து ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பிய வழிகாட்டிகள் அந்த மலைகளில் நிறையப் பேர் இருப்பார்கள். அதனால் பழக்கம் மாறுவதும் இல்லை.

ஆனால் வேட்டைப் பயணம் முழுவதிலும் கரடிக்கு மிகவும் வாய்ப்புள்ள நேரம் எது என்று யோசியுங்கள். காலையில் நடக்கும்போது அல்ல, வில்லைப் பிடித்து உட்கார்ந்திருக்கும்போதும் அல்ல. ரத்தமும் குடலும் திறந்து கிடக்கிற அந்த ஒரு மணி நேரம்தான். துப்பாக்கியை நாள் முழுக்கச் சுமந்து, சரியாக அந்த நேரத்தில் கழற்றி வைக்கிறோம். இதை வேட்டைக்காரர்களிடம் சொன்னால் ஒரு நிமிஷம் பேச மாட்டார்கள், அப்புறம் "வேலை ஓடாதே" என்பார்கள். அதுவும் உண்மை.

இரண்டாவது, ஒரே துப்பாக்கி, அதுவும் பொதுவில் கிடந்தது. அது வழிகாட்டியின் துப்பாக்கி, அவர் பழகியது. தாக்குதல் வந்தபோது அவர்மேல்தான் கரடி இருந்தது, அதனால் அது மற்றவர் கைக்குப் போனது. யார் கையில் இருந்தால் பயன்படுமோ அவரிடம் இல்லை, யாரிடம் போனதோ அவருக்குச் சுடத் தோதில்லை. கடைசியில் எறிந்து கொடுக்கப் பார்த்ததே இந்தப் பிரச்சினையின் முழு வடிவம். மற்றவருடைய கைத்துப்பாக்கியை எடுத்து உயிர் போகிற நேரத்தில் சுடுவதென்றால், முதலில் அதில் தோட்டா சேம்பரில், அதாவது சுடத் தயாராகக் குழலின் பின்முனையில், ஏறியிருக்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டும். ஏறாமல் மேகசினில் மட்டும் இருந்தால் ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை) இழுத்துவிட இரண்டு கை வேண்டும். ஒரு கை கரடி வாயில் இருந்தால் அந்தத் துப்பாக்கி வெறும் இரும்பு.

மூன்றாவது, சுடாமல் விட்டது. இதற்காக அந்த வாடிக்கையாளரைக் கண்டபடி திட்டியவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சம்பவத்தை ஞாபகப்படுத்துகிறேன். 2011 செப்டம்பரில் வடமேற்கு மொன்டானாவில், காயம்பட்ட கிரிஸ்லி ஒன்று வேட்டைக்குப் போன ஒருவரைத் தாக்கியபோது கூட இருந்தவர் அவரைக் காப்பாற்றச் சுட்டார். இறந்தவர் உடலைப் பரிசோதித்தபோது மரணத்துக்குக் காரணம் நண்பரின் துப்பாக்கிக் குண்டு, மார்பில் ஒன்று, என்று தெரிந்தது. டீட்டனில் வாடிக்கையாளர் தயங்கியது கோழைத்தனம் அல்ல. பழக்கமில்லாத கையால், நடுங்கிக்கொண்டு, புரள்கிற இரண்டு உடம்புகளில் ஒன்றை மட்டும் குறிபார்ப்பதென்றால் அது யாராலும் ஆகாத காரியம். அருகில் போய்க் குழலைக் கரடியின் உடம்பில் அழுத்திச் சுட்டிருக்கலாமே என்பார்கள். க்ளாக் போன்ற அரைத் தானியங்கித் துப்பாக்கியில் குழல்முனையை அழுத்தினால் ஸ்லைடு கொஞ்சம் பின்னால் தள்ளப்பட்டு, சுடாமலே நிற்கக்கூடும். இந்த ஒரு விஷயத்தில் ரிவால்வர் மேல், அழுத்தினாலும் சுடும். இதெல்லாம் முகாமில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டிய பாடம், கரடி வந்த பிறகு யாருக்கும் தோன்றாது.

நான்காவது, ஓடிப்போய் உதவி கேட்டது. காயத்தோடு, ஆயுதம் இல்லாமல், அங்கேயே நின்றிருந்தால் இரண்டாவது உடலையும் தேடியிருப்பார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

துப்பாக்கியா ஸ்ப்ரேயா என்கிற வாதம்

இதைத் தொடாமல் போக முடியாது, அதனால் தொட்டுவிட்டுப் போகிறேன். அலாஸ்காவில் ஸ்ப்ரே பயன்படுத்திய 83 சம்பவங்களை ஆராய்ந்து 2008-இல் ஒரு ஆய்வு வந்தது, பழுப்புக் கரடிகளிடம் (கிரிஸ்லியும் இந்த இனம்தான்) 92 சதவீத நேரம் ஸ்ப்ரே கரடியின் வேண்டாத செயலை நிறுத்தியது. அதே ஆய்வாளர்களில் சிலர் 2012-இல் அலாஸ்காவில் துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 சம்பவங்களைப் பார்த்தார்கள், கைத்துப்பாக்கி 84 சதவீதம், ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கி 76 சதவீதம் வேலை செய்தது. துப்பாக்கியைச் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயம்படுவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதும் அதில் வந்தது. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "92, 84-ஐ விடப் பெரியது" என்று முடிப்பது தப்பு. முகாமுக்குள் மூக்கை நீட்டிய கரடியை ஸ்ப்ரேயால் விரட்டியதும், பாய்ந்துவரும் கரடியைச் சுட்டதும் ஒரே தராசில் நிற்காது.

டீட்டனில் ஸ்ப்ரே கரடியின் மேல் பட்டிருந்தது, ஆனாலும் உயிர் போனது. அதற்காக ஸ்ப்ரே வீண் என்று ஆகிவிடாது. கரடி முதல் தடவை மேலே விழும் முன்னே அடிப்பதற்கும், கடிபட்ட பிறகு அடிப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஸ்ப்ரே மேகமாகப் பரவ வேண்டும், கரடி அதற்குள் ஓடிவர வேண்டும், அது எட்டுவது ஏழு எட்டு மீட்டர்தான், எதிர்க்காற்று அடித்தால் அதுவும் இல்லை.

இன்னொரு பக்கம், 2016 ஜூலையில் அலாஸ்காவில் ஒரு வழிகாட்டி வெறும் 9 மி.மீ. கைத்துப்பாக்கியால், மீன் பிடிக்க வந்த இரண்டு பேரைக் காப்பாற்றி, பாய்ந்த பழுப்புக் கரடியைச் சுட்டுக் கொன்றார். கரடிக்கு 9 மி.மீ. போதவே போதாது என்று எல்லோரும் அடித்துச் சொல்கிற தோட்டா. ஆழமாகத் துளைக்கும் கடின ஈயத் தோட்டா போட்டிருந்தார், அது உதவியது. ஆனால் முக்கியமானது, துப்பாக்கி அவர் உடம்பில் இருந்தது, அவருடையது. சிறிய துப்பாக்கி உடம்பில், பெரிய துப்பாக்கி பையில். இந்த இரண்டு சம்பவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகு தோட்டா அளவு பற்றிய விவாதத்தில் எனக்கு ருசியே போய்விட்டது.

எதை மாற்றலாம்

கழற்றாமல் வேலை செய்ய முடிகிற உறை வேண்டும், முதல் காரியம் அது. இடுப்பு உறை பையின் வாரோடு மோதும், குனிந்தால் குத்தும், ஆகவே மார்பில் குறுக்காக இறுக்கிக் கட்டுகிற உறைதான் அங்கே பெரும்பாலோர் கடைசியில் வந்து சேர்வது. அதை வீட்டிலேயே போட்டுக்கொண்டு ஒரு முழு மானையோ, கிடைக்காவிட்டால் ஒரு பன்றியையோ வெட்டிப் பார்க்க வேண்டும். இடைஞ்சலாக இருந்தால் அங்கேயே தெரியும், உறையை மாற்றலாம். காட்டில் தெரிந்தால் கழற்றித்தான் வைப்போம். வேலை முடிந்ததும் துப்பாக்கியில் ரத்தமும் கொழுப்பும் ஒட்டியிருக்கும், துடைத்துக்கொள்ளலாம், அது ஒரு காரணமே இல்லை.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் வெட்டட்டும், ஒருவர் காவல் நிற்கட்டும். வேலை இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், வாடிக்கையாளருக்குச் சலிப்பு வரும், இருட்டும் நெருங்கும். ஆனால் டீட்டனில் கல் உருண்ட சத்தம்தான் முதல் அறிவிப்பு. நிமிர்ந்து சரிவைப் பார்த்துக்கொண்டே ஒருவர் நின்றிருந்தால் இன்னும் சில வினாடி கிடைத்திருக்கும், சில வினாடிதான் இங்கே எல்லாமே. காவல் நிற்பவர் கையில் ஸ்ப்ரே வெளியே எடுத்து, பாதுகாப்புக் கிளிப்பைக் கழற்றத் தயாராக இருக்க வேண்டும்.

இதில் ஒரு விஷயம் பலருக்குப் பிடிக்காது: கூட வருபவருக்குத் துப்பாக்கியைவிட ஸ்ப்ரே ஏற்றது என்பது என் எண்ணம். கரடி நண்பன் மேல் இருக்கும்போது ஸ்ப்ரேயை இருவர் மேலும் அடிக்கலாம். நண்பன் கண் எரிந்து துடிப்பான், ஆனால் சாகமாட்டான். சுடுவதா வேண்டாமா என்ற அந்தத் தயக்கத்துக்கே இடமில்லை. கைத்துப்பாக்கி அதன் சொந்தக்காரர் மார்பிலேயே இருக்கட்டும், கரடி அவர்மேல் விழுந்தாலும் அவரே அதை எடுத்துச் சுடுகிற கடைசி வழியாக. ஆளுக்கொரு ஸ்ப்ரே, ஒன்றை இரண்டு பேர் பங்குபோடுவது கூடாது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுபோக முடியாது, கைப்பையிலும் இல்லை, சரக்குப் பெட்டியிலும் இல்லை. கைத்துப்பாக்கியைத் தோட்டா எடுத்துவிட்டு, பூட்டிய கடினப் பெட்டியில் வைத்து, விமான நிலையத்தில் சொல்லிவிட்டால் கொண்டுபோகலாம். தூர மாநிலத்திலிருந்து விமானத்தில் வருகிற வேட்டைக்காரர் ஒருவர் தன் துப்பாக்கியோடு, ஆனால் ஸ்ப்ரே இல்லாமல் இறங்குவது இதனால்தான் நடக்கிறது. வழிகாட்டி நிறுவனம் ஆளுக்கொன்று கொடுக்கும் என்று நம்பாமல், இறங்கிய ஊரிலேயே கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். யெல்லோஸ்டோனுக்குக் குடும்பத்தோடு நடக்கப் போகிற நம் ஆட்களுக்கும் இதே கதைதான். கேனில் காலாவதி தேதி இருக்கும், அதையும் பார்த்து வாங்குங்கள்.

முகாமில் முதல் நாள் மாலையே அரை மணி நேரம் ஒதுக்கி, துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு எல்லோர் கையிலும் கொடுத்துப் பழக்க வேண்டும். சேம்பரில் தோட்டா இருக்குமா இருக்காதா, பாதுகாப்புப் பொத்தான் உண்டா, மேகசின் எப்படிக் கழலும். வழிகாட்டிகள் பலர் இதைச் செய்யத் தயங்குவார்கள், வாடிக்கையாளரைப் பயமுறுத்துவதுபோல் இருக்கும் என்று. கேட்டு வாங்க வேண்டியது வாடிக்கையாளர் பொறுப்பு. அவர் கேட்காவிட்டால் வழிகாட்டி கொடுக்கட்டும். இரண்டு பேரில் யாராவது ஒருவர் பேச்சை எடுத்தால் போதும்.

இரவு முழுக்கக் கிடந்த மானிடம் திரும்பும்போது நடைமுறை வேறாக இருக்க வேண்டும். முதலில் தூரத்தில், உயரமான இடத்திலிருந்து தொலைநோக்கியில் பத்து இருபது நிமிஷம் பார்க்கலாம். காக்கைகள் உட்கார்ந்திருக்கின்றனவா, திடீரென்று எழும்புகின்றனவா என்பதே நிறையச் சொல்லும். நெருங்கும்போது பேசிக்கொண்டே போகலாம், மான் செத்தாயிற்று, இனி ஒளிந்து நடக்க அவசியமில்லை. கரடி தொட்ட அடையாளம் இல்லாவிட்டாலும் கரடி பக்கத்தில் இல்லை என்று அர்த்தமில்லை, டீட்டன் அதற்குச் சாட்சி. முடிந்தால் மானைத் திறந்த வெளிக்கு இழுத்து வெட்டலாம், 300 கிலோவை இரண்டு பேர் சரிவில் இழுக்க முடியாது என்பதால் பெரும்பாலும் இது முடியாது. அப்போது ஒரு காலை அறுத்ததும் அதைக் குடலிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, பார்வை மறையாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மீண்டும் வந்து அடுத்ததை எடுக்கலாம். குடல் கிடக்கிற இடத்தில் தங்கும் நேரம் குறையும்.

மாற்ற வேண்டியதில்லை என்று நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன். இருட்டியதும் தேடலை நிறுத்தியது சரி. மறுநாள் திரும்பியது சரி. 10 மி.மீ. எடுத்துப் போனது சரி. வாடிக்கையாளர் கண்மூடிச் சுடாமல் இருந்தது சரி, குதிரை ஏறியதும் சரி. மாற வேண்டியது சில கஜ தூரம், ஒரு கூடுதல் ஸ்ப்ரே கேன், சரிவைப் பார்த்து நிற்க ஒரு ஆள்.